லாரி பேக்கர்: மலைச்சரிவில் பாடம் கற்ற கட்டடக் கலைஞர்

லாரி பேக்கர் என்று அறியப்படும் லாரன்ஸ் வில்பிரட் பேக்கர் (மார்ச் 2, 1917 – ஏப்ரல் 1, 2007) இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்து, இந்தியாவில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர். குறைந்த செலவில் வீடு கட்டியவர் என்ற ஒரே வரியில் பலரும் அவரை அறிமுகம் செய்துவிடுகிறார்கள். அந்த வரி பிழையன்று. ஆனால் அந்தச் சிக்கனத்தை அவர் எங்கே, எப்படிக் கற்றார் என்பதை அது சொல்வதில்லை. அதை அறிய அவருடைய இல்லற வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

பேக்கர் 1937இல் பர்மிங்காமில் கட்டடக் கலைப் படிப்பை முடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலகப்போர் தொடங்கியது. அவர் குவேக்கர் நெறியைப் பின்பற்றியவர். அந்நெறியினர் ஆயுதம் ஏந்துவதில்லை. ஆகவே அவர்கள் நடத்திய ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து சீனாவுக்குச் சென்றார். கட்டடம் கட்டப் படித்த இளைஞர், அங்கே தொழுநோயாளர்களைப் பராமரித்தார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க நேர்ந்தபோது காந்தியைச் சந்தித்தார். சீன முறையில் துணித் துண்டுகளால் தைத்த செருப்பை அவர் அணிந்திருந்தார். காந்தியின் கண் அதன்மேல் விழுந்ததாம். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்று காந்தி கூறியதைப் பேக்கர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1945இல் தொழுநோயாளர்களுக்காகப் பணியாற்றிய ஒரு சமயத் தொண்டு அமைப்பின் கட்டடக் கலைஞராக மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். அங்கிருந்த வெள்ளையர்களின் பெரிய பங்களாக்களும் வேலைக்காரர் கூட்டமும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஃபைசாபாத்தில் சாண்டி என்ற கேரள மருத்துவரின் வீட்டில் தங்கினார். சாண்டிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது, அவருடைய பணியைக் கவனிக்க ஹைதராபாத்திலிருந்து அவர் தங்கை வந்தார். அவரே மருத்துவர் எலிசபெத் ஜேக்கப். இருவரும் மணம்புரிய விரும்பினர். குடும்பங்களில் எதிர்ப்பு எழுந்தது. ஓடிப்போகவும் இல்லை, கைவிடவும் இல்லை, காத்திருந்தார்கள். 1948இல் திருமணம் நடந்தது.

தேனிலவுக்காக இன்றைய உத்தராகண்டில் உள்ள பித்தோராகர் மலைப்பகுதிக்குச் சென்றார்கள். வந்திருக்கும் பெண் மருத்துவர் என்ற செய்தி பரவியதும் சுற்றுவட்டார மக்கள் சிகிச்சைக்கு வரத் தொடங்கினர். சில நாள் தங்க வந்த தம்பதியர் அங்கேயே ஒரு மலைச்சரிவில் வீடும் மருத்துவமனையும் கட்டிக்கொண்டு பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தனர். அவர்களுக்கு இரண்டு பெண்கள், ஒரு பையன்.

பேக்கரின் வாழ்வில் மிக முக்கியமான காலம் இதுவே என்பது என் கருத்து. சிமெண்டும் இரும்பும் சமவெளியிலிருந்து மலையேறி வர வேண்டும். கல்லும் மண்ணும் மரமும் காலடியில் கிடந்தன. பர்மிங்காம் பாடப்புத்தகத்தில் மண்சுவரும் இல்லை, சாணமும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத மலைவாசிகள் மழைக்கும் குளிருக்கும் தாங்கும் வீடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வந்ததை அவர் பார்த்தார். பட்டம் பெற்ற ஒருவர் அவர்களிடம் மாணவராக உட்கார்ந்தார். ஆசிரியர் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது எளிதான காரியமன்று.

1963இல் குடும்பம் கேரளத்தின் வாகமண் மலைக்கும், சில ஆண்டுகளில் திருவனந்தபுரத்துக்கும் குடிபெயர்ந்தது. மலையில் கற்ற பாடத்தைச் செங்கல்லிலும் ஓட்டிலும் அவர் எழுதிக் காட்டியது இங்கேதான்.

அவர் பரப்பிய முறைகளில் ஒன்று எலிப்பொறிக் கட்டு. வழக்கமாகக் கொத்தனார் செங்கல்லைப் படுக்க வைத்து அடுக்குவார். இம்முறையில் செங்கல் குத்தாக நிற்கும். சுவரின் நடுவே சிறு சிறு வெற்றிடங்கள் விழும். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கும். கூரையிலும் இதே கணக்குதான். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடைப்பட்ட கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டால் சிமெண்டும் குறையும், எடையும் குறையும். ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர். வெளிச்சமும் காற்றும் வரும், மரச்சட்டமும் கம்பியும் வேண்டாம். சுவருக்குப் பூச்சும் கிடையாது.

இவை ஏழைகளுக்கு மட்டும் என்பதைப் பேக்கர் ஏற்கவில்லை. 1970களில் பூந்துறையில் மீனவர்களுக்கு வீடு கட்டியவர், திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தையும் இதே முறையில் கட்டினார். பொருளியல் அறிஞர் கே. என். ராஜும் அன்றைய முதல்வர் அச்சுத மேனனும் அவருக்குத் துணை நின்றனர். சுமார் பத்து ஏக்கர் மேட்டு நிலத்தில், மரங்களை வெட்டாமல், சரிவைச் சமப்படுத்தாமல் அந்த வளாகம் எழுந்தது. இம்முறைகளைப் பரப்ப 1985இல் காஸ்ட்ஃபோர்ட் என்ற அமைப்பு உருவானது. பேக்கரும் அதன் நிறுவனர்களில் ஒருவர்.

குறைகளும் சொல்லப்படுகின்றன. பூச்சில்லாத சுவருக்கு நல்ல செங்கல்லும் கைதேர்ந்த கொத்தனாரும் வேண்டும். இரண்டும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஜாலி வழியே காற்றோடு கொசுவும் வரும். பூச்சுப் பூசாத வீட்டைப் பணம் போதாமல் பாதியில் நின்ற வீடாகப் பார்ப்பவர்கள் நம் ஊரிலும் உண்டு.

அவர் தம் குடும்பத்துக்கு அமைத்த வீடு நாலாஞ்சிறையில், பாறை நிறைந்த செங்குத்தான சரிவில் இருக்கிறது. ‘ஹாம்லெட்’ என்பது பெயர். சிற்றூர் என்று பொருள். ஒரே மூச்சில் கட்டிய வீடன்று. தேவை வரும்போதெல்லாம் ஒரு பகுதி சேர்ந்தது. பாறை அசைக்கப்படவில்லை. பிறர் ஒதுக்கிய மரவேலைப்பாடுகளும் உடைந்த ஓடுகளும் அங்கே இடம் பிடித்தன.

பேக்கர் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தொண்ணூறு வயது நிறைந்து ஒரு மாதம்கூட முடியாத நிலையில் திருவனந்தபுரத்தில் காலமானார். கணவருடன் வாழ்ந்த நாள்களை எலிசபெத் நினைவுநூலாக எழுதினார். அவர் 2011இல் மறைந்தார்.

பேக்கரின் கட்டடத்தைப் பார்க்க விரும்பும் மாணவர்கள் திருவனந்தபுரம் தம்பானூரில் உள்ள இந்தியன் காபி ஹவுஸுக்குச் செல்லலாம். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். வட்டக் கோபுரத்துக்குள் தளம் சுருளாக ஏறிக்கொண்டே போகும். வெளிச்சுவரை ஒட்டிச் சிமெண்ட் மேசைகள், ஜாலி வழியே துண்டு துண்டாக வெளிச்சம். படிக்கட்டு இல்லாததால் பணியாளர்கள் காபித் தட்டுடன் அந்தச் சரிவிலேயே ஏறி இறங்குகிறார்கள்.