எண்சுவடி முதல் செயலி வரை: ஜவ்வாது மலையும் குழந்தைகளின் கணக்கறிவும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். சாமை பயிரிடுவதும், தேன், புளி, கடுக்காய் போன்றவற்றைச் சேகரித்து விற்பதும் இவர்களின் தொழில்கள். அளப்பதும் விலை பேசுவதும் இத்தொழில்களின் அன்றாடப் பகுதி. இவ்வாறு வீட்டிலும் சந்தையிலும் பழகும் கணக்கு, பள்ளிக் கணக்கோடு எவ்வளவு தூரம் இணைந்திருந்தது என்பதே தமிழகக் கணிதக் கல்வி வரலாற்றின் முக்கியக் கேள்வி.

திண்ணைப் பள்ளியின் கணக்கு

பழைய திண்ணைப் பள்ளிகளில் கணக்குப் பாடம் சந்தையையும் வயலையும் ஒட்டியே அமைந்தது. பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும் வரிசையாகக் கற்பித்தது. நெல்லிலக்கம் தானிய அளவைகளைக் கற்பித்தது. எண்சுவடி பெருக்கல் வாய்பாடுகளின் தொகுப்பு. கால், அரை, முக்கால் மட்டுமல்லாமல் மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) போன்ற பின்னங்களையும் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருந்தனர். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்ற அளவைகள் வீட்டிலும் புழங்கியவை.

இம்முறையை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாய்வாளர் செந்தில்பாபு, 2022இல் வெளிவந்த தம் நூலில், இங்கு நினைவாற்றல் என்பது வெறும் ஒப்புவித்தல் அன்று, கணக்கிடும் திறனை வளர்க்கும் ஒரு வழி என்று காட்டுகிறார். ஆனால் இக்கல்வி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சாதியும் பாலினமும் பலரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தின.

மாற்றங்கள்

1789இல் சென்னை ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்து, 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகப் பதிவு செய்தது. பின்னர் அரசுப் பாடத்திட்டமும் அச்சுப் பாடநூலும் பரவப் பரவ, எண்சுவடி பின்தங்கியது. 1957இல் தசம நாணயமும், அடுத்த சில ஆண்டுகளில் மெட்ரிக் அளவைகளும் வந்தபின் பழைய பின்னங்கள் பெரும்பாலும் வழக்கொழிந்தன.

குழந்தையின் சிந்தனை பற்றிய ஆய்வுகள்

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, எண் பற்றிய கருத்தைக் குழந்தைகள் படிப்படியாகத் தாமே உருவாக்கிக்கொள்கின்றனர் என்று 1941இல் வெளியான நூலில் விளக்கினார். 1985இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில், தெருவில் பொருள் விற்கும் சிறுவர்களிடம் நடந்த ஆய்வு மற்றொரு உண்மையைக் காட்டியது. வியாபாரத்தின்போது 98 விழுக்காடு சரியாகக் கணக்கிட்ட அதே சிறுவர்கள், எண்களை மட்டும் கொண்ட கணக்குகளில் 37 விழுக்காடே சரியாகச் செய்தனர்.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் நடத்தி 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வும் இதை உறுதிப்படுத்தியது. சந்தையில் வேலை செய்யும் சிறுவர்கள் பள்ளிக் கணக்கில் தடுமாறினர். பள்ளியில் மட்டும் கற்றவர்கள் சந்தைக் கணக்கில் தடுமாறினர். ஒரு பக்கத்துத் திறன் மறுபக்கத்திற்குத் தானாகச் செல்வதில்லை. அதற்குக் கற்பித்தல் பாலம் போட வேண்டும்.

அட்டையும் திரையும்

ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமக் கல்வி மையம், பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக அமரும் சிறு பள்ளிகளுக்கெனக் கற்றல் அட்டைகளை உருவாக்கியது. அதன் தாக்கத்தில் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழகம் முழுதும் விரிந்தது. பாடம் ஏணிப்படிகளாகப் பிரிக்கப்பட்டது. குழந்தை தன் வேகத்தில், ஆசிரியர் துணையுடனோ சக மாணவர் துணையுடனோ தனியாகவோ முன்னேறலாம்.

2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. கொரோனாவால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021இல் இல்லம் தேடிக் கல்வியும், 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகள் வயதைவிடக் கற்றல் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்படுகின்றனர். மதிப்பீட்டிற்குச் செயலி பயன்படுகிறது.

மலைப்பள்ளிகளின் நிலை

ஜவ்வாது மலையில் ஊர்கள் சிறியவை, சிதறியவை. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இங்கு கல்விக்கு முக்கிய ஆதாரம். இத்தகைய இடங்களுக்குப் பல வகுப்புக் கற்பித்தலும் அட்டைகளும் இயல்பாகவே பொருந்துகின்றன. திரைவழிக் கல்விக்கோ மின்சாரமும் அலைவரிசையும் கருவியும் ஒருசேர வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மலைப்பிள்ளை பின்தங்க நேரிடும்.

மணல், ஓலை, சிலேட்டு, அட்டை, செயலி எனக் கருவிகள் மாறி வந்துள்ளன. சாமையைப் படியில் அளக்கத் தெரிந்த பிள்ளை பின்னத்தின் அடிப்படையை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. அந்த அறிவை வகுப்பறை தொடக்கப்புள்ளியாக ஏற்குமா என்பதைப் பொறுத்தே எந்தக் கருவியின் பயனும் அமையும்.