முதல் பதிப்பு இல்லாமல் இரண்டாம் பதிப்பு ஏது?

"இன்னும் கொஞ்சம் சரி பண்ணிட்டு வெளியிடலாம்னு இருக்கேன்." கதை எழுதறவங்க, பாட்டு அமைக்கறவங்க, குறும்படம் எடுக்கறவங்கன்னு எல்லார் வாயிலயும் வர்ற வாக்கியம் இது. இதைச் சொல்லியே காலத்தைக் கடத்த எல்லா நியாயமும் இருந்தும், அப்படிக் கடத்தாத ஒருத்தரைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப்போறேன். உ.வே.சாமிநாதையர்.

'தமிழ்த் தாத்தா'ன்னு சொல்லிச் சொல்லி, அவர் பிறக்கும்போதே தாத்தாவாகப் பிறந்த மாதிரி நமக்கு ஒரு நினைப்பு. இந்தக் கதை தொடங்கும்போது அவருக்கு வயசு 25. பாபநாசம் பக்கத்தில் உத்தமதானபுரத்துக்காரர். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார்.

அதே வருஷம் அக்டோபரில், ஊருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஒரு பெரிய பட்டியலே சொல்கிறார் ஐயர். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை! பிறகு முதலியாரே ஒரு பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

பிரித்துப் பார்த்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. அது சமணக் காப்பியம். ஐயர் சைவ மடத்தில் படித்தவர். போதாததற்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பழைய நூல்களிலிருந்து வரிகளை எடுத்துக்காட்டிக்கொண்டே போகிறார். எது எந்த நூல் என்று குறிப்பு கிடையாது. அந்த நூல்கள் பலவும் அப்போது அச்சிலும் இல்லை.

ஐயர் என்ன செய்தார்? கும்பகோணத்திலிருந்த சமணர்களின் வீடு தேடிப் போய்ச் சந்தேகம் கேட்டார். ஊர் ஊராக ஏடு தேடிப் பிரதிகளை ஒப்பிட்டார். ஏழு வருஷ உழைப்பு. ஆக, இது 'எதையாவது எழுதி வெளியே தள்ளு' என்கிற கதை இல்லை.

ஆனால் ஏழு வருஷத்துக்குப் பிறகும் சந்தேகங்கள் தீரவில்லை. இருந்தும் கையொப்பம் சேர்த்து, அதாவது வாங்குவதாக ஒப்புக்கொண்டவர்களின் ஆதரவைத் திரட்டி, சென்னையில் அச்சிட்டு, 1887இல் வெளியிட்டுவிட்டார்.

ஏன் இன்னும் காத்திருக்கவில்லை? ஒரு காரணம், ஏடு காத்திருக்காது. செல்லும் பூச்சியும் அரித்துக்கொண்டே இருக்கும். ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கத்தை ஐயரே வேதனையோடு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் கும்பகோணத்தில் இருந்த யாழ்ப்பாணத்து சி.வை.தாமோதரம் பிள்ளையும் இதே அவசரத்தில்தான் இயங்கினார். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை. பிழை இருக்கலாம், யாராவது பிறகு திருத்தட்டும், ஏடு அழிவதற்குள் அச்சேற வேண்டும் என்பது அவர் எண்ணம்.

சரி, வெளியிட்டதும் என்ன ஆச்சு? பாராட்டு வந்தது. கூடவே கண்டனமும் வந்தது. பிழைகளைப் பட்டியல் போட்டுத் துண்டுப் பிரசுரங்களே கிளம்பின. நாம் எதை நினைத்துப் பயந்து பெட்டியைப் பூட்டி வைக்கிறோமோ, அது அவருக்கு அப்படியே நடந்தது. அவர் அதற்கெல்லாம் மறுப்பு எழுதி ஆயுளைக் கழிக்கவில்லை. அடுத்த ஏட்டை எடுத்தார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு.

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம் வருது. சிந்தாமணி உரையில் எந்த நூலென்று தெரியாமல் தவித்த மேற்கோள்களில் பல, இந்தச் சங்க நூல்களில்தான் இருந்தன. அவற்றை அவர் தேடிப் போனதே சிந்தாமணி கொடுத்த பழக்கத்தால். 'எல்லா மேற்கோளும் புரிந்த பிறகு சிந்தாமணியை அச்சிடுவேன்' என்று உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீச்சல் தெரிந்த பிறகுதான் காவிரியில் இறங்குவேன் என்று படித்துறையிலேயே நின்ற கதைதான்.

இப்படிச் சேர்ந்த அறிவோடு 1907இல் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு வந்தது. 1922இல் மூன்றாவது. நாம் இன்று மெச்சுகிற செம்மை, படிப்படியாகத் திருத்தித் திருத்தி வந்தது. திருத்துவதற்கு முதலில் ஒன்று அச்சில் இருக்க வேண்டுமே!

அதே ஐயர் மணிமேகலையில் அவசரப்படவில்லை. பௌத்தம் புரியாமல் அதைத் தொட முடியாது. கல்லூரியில் உடன் வேலை பார்த்த ரங்காசாரியாரிடம் கேட்டுத் தெளிந்து, 1898இல்தான் வெளியிட்டார். ஆனால் அதற்காக மற்ற வேலைகளை நிறுத்தி வைக்கவில்லை பாருங்க. தாமதத்துக்கு அவரிடம் ஒரு திட்டவட்டமான காரணம் இருந்தது: இன்ன விஷயம் தெரியவில்லை, இன்னாரிடம் கேட்க வேண்டும். நம்மில் பலர் சொல்கிற 'இன்னும் கொஞ்சம்' அந்த ரகம் இல்லை. எது குறை என்று கேட்டால் பதில் இருக்காது.

அதனால், உங்க பெட்டியில ஒரு கையெழுத்துப் பிரதி தூங்கிட்டிருந்தா, இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. இதில் என்ன தெரியவில்லை, யாரிடம் கேட்டால் தெரியும்? பதில் இருந்தால் போய்க் கேளுங்க. பதில் இல்லைன்னா, அது அச்சுக்குப் போகத் தயாராயிடுச்சுன்னு அர்த்தம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.