அரிஸ்டாட்டிலும் கந்தப்பளையும்

கிரேக்கர் நல்வாழ்வை யூடைமோனியா என்றனர். அது வெறும் இன்பமன்று, செல்வமுமன்று. தன் ஆற்றல்களை அறத்தின்வழிச் செயற்படுத்தி மனிதன் நிறைவாக வாழ்தலே அது என்றார் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில். அதற்கு ஓய்வு வேண்டும். அடிமைக்கோ அவ்வாழ்வில் பங்கில்லை. அவனை உயிருள்ள கருவியாகவே அவர் கண்டார். இத்தனைக்கும் ஏதென்சு நகரில் அவரே குடியுரிமையற்ற அந்நியர்!

கந்தப்பளைத் தேயிலைச் சரிவுகளில் நின்று நோக்கும் நமக்கு இம்முரண் புதிதன்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த உழைப்பாளரே இம்மலைகளைக் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உரிய நிலமாக்கினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். நுவரெலியாவில் தொண்டமான் வென்றார். மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என, கொழுந்தை நிறுத்துப் பிரிப்பதுபோல் மக்களைப் பிரித்தது. அம்மக்களைக் கேட்டவர் எவர்? எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறிற்று.

தீர்ப்பிலும் ஆட்சியிலும் பங்குகொள்பவனே குடிமகன் என்ற அரிஸ்டாட்டிலின் வரையறையை நாம் கைவிட வேண்டியதில்லை. அதன் வாயிலைத்தான் அகலத் திறக்க வேண்டும். இன்று வாக்குண்டு, ஆயினும் லயத்துக் காம்பராவுக்குக் காணி உறுதியற்ற குடும்பங்கள் பல. ஐரோப்பிய மொழிகளில் பள்ளியைக் குறிக்கும் சொல், ஓய்வு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாகிய ஸ்கோலேயிலிருந்து பிறந்தது. பகலெல்லாம் கொழுந்து பறித்து, மாலையில் லயத்தில் அடுப்பு மூட்டும் தாய்க்கு அவ்வோய்வு எந்நேரம் வாய்க்கும்?