இந்தியாவின் நிலத்தோற்றமும் புவி ஆற்றல்களும்

இந்திய நிலப்பரப்பின் பெரும்பகுதி மூன்று கூறுகளுள் அடங்கும்: தெற்கே தீபகற்பப் பீடபூமி, வடக்கே இமயமலை, நடுவே சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா சமவெளி. பாடநூல்கள் இமயத்தில்தான் தொடங்கும். வயதைப் பார்த்தால் முதலிடம் தீபகற்பத்துக்கே உரியது.

கர்நாடகத்தின் தார்வார் நிலத்திட்டில் 300 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த நைஸ் பாறைகள் இன்றும் தரைமேல் தெரிகின்றன. சென்னைப் பல்லாவரத்துக் குன்றுகளின் கருங்கல், புவியோட்டின் அடியாழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியது. மேலே கிடந்த பாறையெல்லாம் அரிபட்டுப் போன பிறகே அது வெளியே வந்தது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகையும் இவ்வகைக் கல்தான். அவர் பெயராலேயே புவியியலர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இதைச் சார்னோக்கைட் என்றழைத்தார்.

இந்தியப் புவியியல் ஆய்வகம் 1851இல் தொடங்கியது நிலக்கரி தேடுவதற்காக. தேடப் போனவர்கள் கண்டதோ அதைவிடப் பெரிது. 1856இல் ஒடிசாவின் தால்ச்சேரில் நுண்மண் படிவுக்குள் பெரும் உருண்டைக் கற்கள் புதைந்திருப்பதைப் பார்த்த பிளான்ஃபோர்டு சகோதரர்கள், அவற்றைக் கொணர்ந்தது பனிக்கட்டி என்றனர். வெயில் கொளுத்தும் ஒடிசாவில் பனிக்கட்டி! அந்தப் படிவுக்கு மேலே நிலக்கரி அடுக்குகளும் குளோசாப்டெரிஸ் என்னும் தாவரத்தின் இலைப் புதைபடிவங்களும் இருந்தன. அதே தாவரம் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்காவிலும் கிடைத்தது. தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912இல் இறந்த ராபர்ட் ஸ்காட் குழுவினர் கடைசிவரை சுமந்த கற்களிலும் அது இருந்தது. கோண்டு மக்களின் நாட்டுப் பெயரைக் கொண்டு இத்தகைய தென்னிலங்களைக் கோண்டுவானா என ஒன்றாக்கினார் புவியியலர் எடுவர்ட் சூஸ். நடுவிலிருந்த நிலம் கடலில் அமிழ்ந்தது என்பது அவர் எண்ணம். நிலங்களே விலகி நகர்ந்தன என்று 1912இல் வாதிட்ட ஆல்ஃபிரட் வெகனர் சொன்னதே சரி.

அப்படி விலகி வடக்கே நகரும் வழியில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவின் மேற்கில் எரிமலைக் குழம்பு பிளவுகள் வழியே பெருகிப் படர்ந்தது. அந்தத் தக்காணப் பாறை இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடியிருக்கிறது. அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது அதில்தான். மராட்டியப் பருத்தி விளையும் கரிசலும் அது சிதைந்த மண்ணே. மேற்குத் தொடர்ச்சி மலை, மடகாஸ்கரும் பின்னர் செஷல்ஸும் பிரிந்து போனபோது உயர்ந்து நின்ற கண்டத்தின் விளிம்பு. அதனால்தான் அரபிக்கடலுக்கு அருகே மகாபலேசுவரத்தில் பிறக்கும் கிருஷ்ணா, 1,400 கிலோமீட்டர் கிழக்கே ஓடி வங்கக் கடலைச் சேர்கிறது. நர்மதையும் தபதியும் பிளவுப் பள்ளத்தாக்குகளில் இறங்கியதால் மேற்கே செல்கின்றன.

இமயமலை இளையது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியாவில் மோத, இடையிலிருந்த டெத்திஸ் கடலின் அடித்தளம் மடிந்து எழுந்தது. நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வந்து வைணவ இல்லங்களில் பூசை பெறும் சாளக்கிராமம், அக்கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் புதைபடிவம். மலையடிப் பள்ளத்தை ஆறுகள் வண்டலால் நிரப்பியதே வட இந்தியச் சமவெளி.

தட்டு இன்னும் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்கிறது. 1950இல் அசாமும் 2001இல் புஜ்ஜும் நிலநடுக்கத்தில் குலுங்கின. அந்தமான் கடலின் பாரன் தீவில் எரிமலை ஒன்று இயங்கிவருகிறது.