திருநாதர் குன்றில் ஐம்பத்தேழு நாட்கள்

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜனும், 1714-இல் அவன் போர்க்களத்தில் மாண்ட கதையுமே நம் நினைவுக்கு வரும். எனக்கோ ஊருக்கு அருகிலுள்ள திருநாதர் குன்றுதான் நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சிறு கல்வெட்டும் உண்டு. சந்திரநந்தி ஆசிரியர் என்ற ஜைனத் துறவி 57 நாட்கள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததன் நினைவு அது.

ஐம்பத்தேழு! யாரோ உடனிருந்து எண்ணியிருக்கிறார்கள். அந்த 'யாரோ'தான் என் மனத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

தீராத நோயோ, தள்ளாமையோ வந்தபின் குருவின் அனுமதியோடு ஏற்கும் இந்த நோன்புக்குச் சல்லேகனை என்று பெயர். உணவு படிப்படியாகக் குறைந்து, கடைசியில் நீரும் நின்றுவிடும். (அது தகுமா என்று வழக்காட நான் வரவில்லை. 2015-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் குற்றமென்றது. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது.) சிவாரியரின் 'பகவதி ஆராதனை' என்ற பழைய நூல், நோன்பிருப்பவருக்குப் பணிவிடை செய்ய 48 பேர் வேண்டும் என்கிறது, கிடைக்காவிட்டால் இருவராவது வேண்டுமாம். தூக்கி உட்கார வைக்கச் சிலர், அறக்கதை சொல்லச் சிலர், மலஜலம் எடுக்கச் சிலர். வாசலில் காவல் நிற்கவும் ஆள் உண்டு!

இன்று புற்றுநோய் முற்றிய மாமனாருக்கு இந்த 48 பேர் வேலையையும் பார்ப்பது யார்? பெரும்பாலும் ஒரே ஒரு மருமகள். "இனி வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் வைத்தியம் முடிந்துவிடுகிறது. அவளுடைய வேலை அன்றுதான் ஆரம்பமாகிறது.

நர்ஸாக இருந்து டாக்டரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தது இப்படிப்பட்ட வீடுகளை நினைத்துத்தான். அங்கே மரணத்தை வரவழைப்பதும் இல்லை, விரட்டுவதும் இல்லை. வலியைத் தணிப்பார்கள், குடும்பத்தையும் நோயாளியைப் போலவே கவனிப்பார்கள். துக்கம் நேர்ந்த பிறகும் கைவிட மாட்டார்கள். பம்பாயில் 1986-இல் சாந்தி அவேத்னா சதன் பிறந்தது. கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய பணியில் பின்னர் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்துகொண்டு, வீடு வீடாகப் போனார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையானவரின் வீட்டுக்கே நர்ஸ் வருகிறார். புண்ணைக் கழுவிக் கட்டுகிறார், புரட்டிப் படுக்க வைக்கும் விதத்தை மருமகளுக்குச் சொல்லித் தருகிறார்.

பார்க்க வந்து, "ஐயோ, இப்படி இளைத்துவிட்டாரே!" என்று அவர் காதில் விழவே அழும் உறவினரைத் தடுத்து நிறுத்த, அந்த வாசல் காவலரை மட்டும் எந்த சர்க்காரும் இன்னும் அனுப்பவில்லை.