பெலும் குகையில் யார் எதை விட்டுவிட்டுப் போனார்கள்?

உங்கள் வீட்டு அடுப்படியில் கடப்பாக் கல் மேடை இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள் (அம்மா பார்க்காத நேரத்தில்!). ஒரு மூலையில் இரண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்தால் அந்த இடம் மட்டும் வெளுத்துப் போயிருக்கும். சாறு கல்லை அரித்துவிட்டது. கடப்பாக் கல் ஒரு வகைச் சுண்ணாம்புக்கல். புளிப்பு பட்டால் கரையும்.

இதே வேலையை மழைத்தண்ணீர் பல லட்சம் வருடங்கள் செய்தால் என்ன ஆகும்? அதற்கு விடைதான் ஆந்திராவில் இருக்கும் பெலும் குகை. இந்தப் பதிவு அதன் வரலாற்றைப் பற்றியது. அங்கே வந்தவர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள் என்பதைவிட, எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கரிசலுக்கு அடியில்...

பெலும் முன்பு கர்நூல் மாவட்டத்தில் இருந்தது, 2022 முதல் நந்தியால் மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்துப் பெரிய ஊர் தாடிபத்திரி. வெயிலும் கறுப்பு மண்ணும் மானாவாரி வெள்ளாமையும் உள்ள பகுதி. கோவில்பட்டிக்காரர்களுக்கு அந்நியமாகவே தெரியாது. குகை என்றதும் மலையைத்தான் தேடுவோம். ஆனால் பெலும் குகைக்கு மலை கிடையாது. சமவெளி நிலத்துக்கு நடுவே கிணறு மாதிரி பள்ளங்கள் இருக்கின்றன. அதற்குள் இறங்கினால் குகை.

மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது கல்லின் வெடிப்புகளில் புகுந்து, அரித்து, கடைசியில் நிலத்தடி ஓடையாகவே ஓடி, வழிகளைக் குடைந்துவிட்டது. பிறகு தண்ணீர் வற்றியது, வழிகள் மட்டும் மிஞ்சின. இதுவரை அளந்த நீளம் 3,229 மீட்டர். மேகாலயாவில் இதைவிட நீளமான குகைகள் இருந்தாலும், சமவெளிக் குகைகளில் இந்தியாவிலேயே நீளமானது இதுதான் என்கிறார்கள். பாதாள கங்கை என்ற இடத்தில் ஆழம் சுமார் 46 மீட்டர்.

கரைந்த சுண்ணாம்பு கூரையிலிருந்து சொட்டும்போது மறுபடி கல்லாகப் படிகிறது. அப்படித்தான் விழுதுகள் உண்டாகின்றன. அவை வளரும் வேகம் பொதுவாக வருடத்துக்கு 0.1 மில்லிமீட்டர், பல இடங்களில் அதைவிடக் குறைவு. அதாவது ஒரு சாண் நீள விழுது வளர இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். ஒடிக்க ஒரு நொடி போதும்.

வந்தவர்கள்

முதலில் பௌத்த, சமணத் துறவிகள் இங்கே தங்கியதாகச் சொல்லப்படுகிறது. இங்கே கிடைத்த பௌத்தச் சின்னங்கள் அனந்தபூர் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கின்றன.

அடுத்து 1884. ராபர்ட் புரூஸ் ஃபுட் இந்தக் குகையைப் பற்றிக் குறித்து வைத்தார். 1863இல் சென்னைப் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தாரே, அதே புவியியலாளர்தான். அதே காலத்தில் பக்கத்தில் பேத்தஞ்செர்லா அருகே உள்ள பில்லசுர்கம் குகைகளில் அவரும் அவர் மகன் ஹென்றியும் தோண்டி, ஏராளமான விலங்கு எலும்புகளை எடுத்தார்கள். அந்த எலும்புகள் எப்படிக் கிடைத்தன என்று யோசியுங்கள். குகையின் தரை கலையாமல் அடுக்கடுக்காகக் கிடந்ததால்தான். நமக்குக் காலில் ஒட்டும் வெறும் மண்ணாகத் தெரிவது உண்மையில் ஒரு ஆவணக் காப்பகம்.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நூறு வருடம் பெலும் குகையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1982, 1983இல் ஹெர்பர்ட் டேனியல் கெபாவர் தலைமையில் ஜெர்மன் குழு ஒன்று வந்து குகையை விரிவாக அளந்து வரைபடம் போட்டது. இன்று உள்ளே ஒரு கூடத்துக்கே அவர் பெயர்தான். ஆனால் அந்தச் சமயத்திலும் சுற்றுவட்டாரக் குப்பை இந்தப் பள்ளங்களில்தான் கொட்டப்பட்டு வந்தது. சிரிக்க வேண்டாம். நம் ஊர்ப்பக்கம் தண்ணீர் வற்றிய கிணறுகளை நாம் என்ன செய்கிறோம்?

உள்ளூர்க்காரர்கள் சிலர் விடாமல் முயன்று அரசின் கவனத்தைத் திருப்பினார்கள். ஆந்திரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1999இல் வேலையை ஆரம்பித்தது. குப்பையும் சேறும் வெளியேறின. நடைபாதை, விளக்கு, உள்ளே காற்று செலுத்தும் வசதி எல்லாம் வந்தன. 2002இல் மக்களுக்குத் திறந்தார்கள். சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை நடந்து பார்க்கலாம்.

ஆக, துறவிகள் சின்னங்களை விட்டுப் போனார்கள். ஃபுட் ஒரு குறிப்பையும் கெபாவர் ஒரு வரைபடத்தையும் விட்டுப் போனார்கள். ஊர் குப்பையை விட்டது, பிறகு ஊரே அதை அள்ளவும் வழி செய்தது. நாம்?

அன்பாலும் அழியும்

குப்பை போட்டால் குகை கெடும் என்பது தெரிந்ததே. ரசிக்க வருபவர்களாலும் கெடும் என்பதுதான் கஷ்டமான விஷயம். பிரான்சில் லாஸ்கோ குகை 1940இல் கண்டுபிடிக்கப்பட்டது. பல்லாயிரம் வருடம் பழைய ஓவியங்கள். 1948இல் திறந்தார்கள், கூட்டம் அலைமோதியது. யாரும் ஓவியத்தைச் சுரண்டவில்லை. பார்வையாளர்கள் விட்ட மூச்சும் உடல் சூடும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து பாசியை வளர்த்துவிட்டன. 1963இல் மூடிவிட்டார்கள். இப்போது மக்கள் பார்ப்பது நகலைத்தான்.

பெலும் குகையில் சப்தஸ்வரக் குகை என்று ஒரு பகுதி உண்டு. அங்குள்ள விழுதுகளைத் தட்டினால் உலோகம் மாதிரி ஓசை வரும். 2006இல் அதையும் திறந்தார்கள். தட்டிப் பார்க்க யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? ஆனால் ஆயிரம் பேர் தட்டினால் அந்த விழுது என்ன ஆகும்? தொட்டாலே நம் கையின் எண்ணெய்ப்பசை கல்லில் ஒட்டும். அதன்மேல் சுண்ணாம்பு சரியாகப் படியாது, வளர்ச்சி நின்று போகலாம். கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை.

நம் உயிரும் முக்கியம்

பெலும் உள்ளே வெக்கையும் புழுக்கமும் அதிகம். சில இடங்களில் குனிந்துதான் போக வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் யோசித்துப் போவது நல்லது. விளக்கு இல்லாத கிளை வழிகளில் நுழையக் கூடாது.

யாரும் பராமரிக்காத குகை என்றால் இன்னும் கவனம் வேண்டும். பழக்கப்பட்டவர் இல்லாமல் போகக் கூடாது. ஆளுக்கு ஒரு விளக்குக்கு மேல் வேண்டும். செல்போன் வெளிச்சத்தை நம்பக் கூடாது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தாழ்வான இடங்களில் கரியமில வாயு தேங்கும். தலைவலி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே திரும்பிவிட வேண்டும். வௌவால் எச்சம் குவிந்த இடத்தில் புழுதி கிளப்பக் கூடாது, நுரையீரல் நோய் தரும் பூஞ்சை அதில் இருக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், மழைக்காலத்தில் நுழையவே கூடாது. 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் போனார்கள். மழை வெள்ளம் வழியை அடைத்தது. அதுவும் சுண்ணாம்புக்கல் குகைதான், தண்ணீர் குடைந்த வழியில் தண்ணீர் திரும்பி வந்தது, அவ்வளவுதான். ஜூலை 10 வாக்கில் எல்லோரும் வெளியே வந்தார்கள். ஆனால் மீட்கப் போன ஒரு முன்னாள் கடற்படை வீரர் உயிரோடு திரும்பவில்லை. நாம் எடுக்கும் துணிச்சலுக்கு வேறு யாரோ விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

நம் பக்கத்துக் கழுகுமலை

பெலும் தூரம்தான். கழுகுமலை பக்கம். அங்கே இருப்பது சுண்ணாம்புக்கல் இல்லை, கெட்டிப் பாறை. ஆனால் பாடம் ஒன்றே. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் நூறு அளவில் கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்னாருடைய மாணாக்கர் செய்வித்தது, இன்ன ஊர்க்காரர் செய்வித்தது என்று பெயர்கள். அந்தப் பெயர்களை நாம் இன்றும் மதிக்கிறோம், ஏனென்றால் அவர்கள் ஒன்றை உருவாக்கிவிட்டுப் பெயரைப் போட்டார்கள்.

பழைய பாறைகளில் பெயின்டால் இதயம் வரைந்து இரண்டு பெயர் எழுதுகிறவர்கள் எதையும் உருவாக்குவதில்லை. உருவாக்கியவர்களின் பெயரைத்தான் மறைக்கிறார்கள்.

அடுத்த முறை எந்தக் குகைக்குப் போனாலும், நமக்குப் பின்னால் வருபவருக்கு நாம் வந்ததே தெரியாதபடி திரும்பி வருவோம். கெபாவர் மாதிரி வரைபடம் போட நம்மால் முடியாமல் போகலாம். இது எல்லோராலும் முடியும் :-)