தென்மலையில் ஒற்றன், களக்காட்டில் பேரம்

சிவகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது தென்மலை. அங்கே கம்பெனிப் படை பாசறை போட்டிருந்த ஓர் இரவைப் பற்றித் தென்காசி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு கதை சொல்கிறார்கள். முடிந்தால் எங்கள் பட்டத்து வாளையும் குதிரையையும் கவர்ந்துகொண்டு, நகராவையும் முழக்கிவிட்டுப் போகட்டும் என்று பாளையக்காரர் பூலித்தேவரின் கோட்டையான நெற்கட்டும்செவலுக்குச் சவால் வந்தது. பூலித்தேவரின் படைத் தளபதி ஒண்டிவீரன் வேலைக்காரனைப் போல வேடமிட்டுப் பாசறைக்குள் போனார். வாள் கைக்கு வந்தது. குதிரையை அவிழ்க்கும்போது அது மிரண்டு கனைக்கவே, புல்லுக்கட்டுக்குள் ஒளிந்துகொண்டார். குதிரையைத் திரும்பக் கட்ட வந்த சிப்பாய் தரையில் அடித்த முளை, புல்லுக்குள் கிடந்த அவர் கையைத் துளைத்து இறங்கியது. சத்தம் போடவில்லை. ஆள் அரவம் அடங்கியதும் தன் கையைத் தானே வெட்டி விடுவித்துக்கொண்டு, பீரங்கிகளின் வாயைப் பாசறைப் பக்கமே திருப்பி வைத்துவிட்டு, குதிரையேறி நகராவை முழக்கினார். திடுக்கிட்டு எழுந்தவர்கள் கொளுத்திய பீரங்கிகள் அவர்களையே சுட்டன.

இந்தக் கதை நமக்கு வந்தது வாய்மொழியாக. கம்பெனியாரின் எழுத்து வழியே வந்த வரலாறு வேறு இரண்டு புத்தகங்களில் இருக்கிறது. ஒன்று ராபர்ட் ஓர்ம் எழுதிய படையெடுப்பு வரலாறு. மற்றது 1881-இல் கால்டுவெல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு. இரண்டையும் இந்தக் கதையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கும். வேலும் வாளும் நாட்டுத் துப்பாக்கியும் வைத்திருந்த ஒரு பாளையம், கம்பெனியையும் ஆர்க்காட்டு நவாபையும் 1755 முதல் 1761 வரை எப்படித் தாக்குப்பிடித்தது?

முதல் விடை 1755-லேயே இருக்கிறது. கர்னல் ஹெரோனும் நவாப் முகமது அலியின் அண்ணன் மாபூஸ்கானும் கப்பம் வசூலிக்கத் தெற்கே வந்தார்கள். நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் ஹெரோன் கேட்டது 20,000 ரூபாய். கோட்டையை உடைக்கத் தக்க பீரங்கி அவரிடம் இல்லை. தானியம் தீர்ந்துகொண்டிருந்தது, சிப்பாய்கள் சம்பள பாக்கிக்காக முணுமுணுத்தார்கள். வெளியே நின்றவர்களின் இந்தத் தவிப்பு உள்ளே இருந்தவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு ரூபாய்கூடத் தர முடியாது என்று பதில் வந்தது. ஹெரோன் வெறுங்கையோடு திரும்பினார். வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துத் தாக்கினார்கள். பிறகு ராணுவ விசாரணை நடந்து அவர் வேலையும் போனது.

வரி கட்டாத இந்தப் பிடிவாதத்தால்தான் நெற்கட்டும்செவல் என்ற ஊர் 'நெற்கட்டான்செவல்' ஆனது என்று உள்ளூரில் பெருமையோடு சொல்வார்கள்.

ஒற்று அறிவது ஒரு பாதி. ஆட்களைத் தன் பக்கம் சேர்ப்பது இன்னொரு பாதி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருந்த மறவர் பாளையங்கள் பூலித்தேவரின் தலைமையில் ஓரணியாக நின்றன. தென்காசிக்கு அருகே உள்ள வடகரை அவற்றுள் முக்கியமானது. கிழக்கே நாயக்கர் பாளையங்கள் பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றித் தனி அணியாக இருந்தன. பூலித்தேவர் தம் இனத்தாரோடு நின்றுவிடவில்லை. நவாபின் போட்டியாளரான சந்தா சாகிப்பின் ஆட்களாக இருந்த பட்டாணியத் தலைவர்களோடு கைகோத்தார். அவர்களில் ஒருவரான முடேமியா 1756 மார்ச்சில் திருநெல்வேலிக்கு வடக்கே நடந்த போரில் மாண்டார். அந்தப் போரில் எதிரே நின்று வென்றவர் மாபூஸ்கான். அதே மாபூஸ்கான் பின்னர் தம்பியோடு கசந்துகொண்டு பூலித்தேவரிடமே வந்து சேர்ந்தார். நவாபின் சொந்த அண்ணனே தம் பக்கம் இருப்பது எத்தனை பீரங்கிகளுக்குச் சமம் என்று மறவர் தலைவருக்குத் தெரியும்.

எதிர்த்தரப்பிலும் இந்த வித்தையை அறிந்த ஒருவர் வந்தார். மருதநாயகமாகப் பிறந்து, கம்பெனிச் சிப்பாய்ப் படையின் தளபதியாக உயர்ந்த யூசுப்கான். இந்தச் சீமையின் மொழியும் சாதியும் வழித்தடமும் அவருக்கு அத்துப்படி. கோட்டையைத் தொடுமுன் கூட்டணியைத் தொட வேண்டும் என்று கணக்குப் போட்டார். கூட்டணியின் கனமான தூண் திருவிதாங்கூர். அந்த அரசருக்கு வெகுநாளாகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்த களக்காட்டின் மேல் கண்.

1759-இல் பேரம் தொடங்கியது. பூலித்தேவரும் வடகரையாரும் திருவிதாங்கூரைத் தம் பக்கமே வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். யூசுப்கானோ களக்காட்டையே விட்டுக்கொடுத்து அரசரைப் பிடித்து நிறுத்தினார். குற்றால மலைக்கு வடக்கே செங்கோட்டைக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூர்ப் படை இறங்கியது. நேற்றுவரை தோழமைப் பாதையாக இருந்த வழி அது. வடகரைக் கோட்டை கைவிடப்பட்டது; அதன் தலைவர் நெற்கட்டும்செவலுக்குத் தப்பி ஓடினார்.

ஆனாலும் பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டை விழவில்லை. மண்ணும் களியும் குழைத்துக் கட்டிய சுவர், சுற்றிலும் காடு. முற்றுகையிட்டவர்களை முன்னால் கோட்டையிலிருந்தும் பின்னால் காட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் தாக்கினார்கள் பூலித்தேவரின் ஆட்கள். வெடிமருந்து தீர்ந்துபோக, யூசுப்கான் திருநெல்வேலிக்குத் திரும்பினார். திருவிதாங்கூர்ப் படை மலையேறிப் போனது. யூசுப்கான் மறுபடி ஆயத்தம் செய்துகொண்டு வந்து, 1761 மே மாதத்தில்தான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றையும் பிடித்தார். பூலித்தேவர் அகப்படவில்லை. சங்கரன்கோவில் சன்னிதிக்குள் நுழைந்தவர் ஒளியாக மறைந்தார் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

வென்றவரின் கதையும் உளவில்தான் முடிந்தது. நவாபோடும் கம்பெனியோடும் முறைத்துக்கொண்ட யூசுப்கான் மதுரைக் கோட்டைக்குள் இருந்து போரிட்டபோது, பீரங்கிகளால் ஆகாத காரியத்தைச் சொந்த ஆட்கள் செய்து கொடுத்தார்கள். திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுக்காரர் மார்ச்சாண்டும் சேர்ந்து, தொழுகையில் இருந்தவரைக் கட்டி ஒப்படைத்தார்கள். 1764 அக்டோபர் 15-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

பூலித்தேவர், யூசுப்கான் இருவரின் போரும் பேரமும் கம்பெனியின் தாள்களில் ஏறின. ஒரு கையோடு பாசறையிலிருந்து திரும்பியவரின் பெயரை அருந்ததியர் குடும்பங்களும் கிராமத்துக் கதைசொல்லிகளும் காத்து வைத்தார்கள். பாளையங்கோட்டையில் ஒண்டிவீரனுக்கு மணிமண்டபம் எழுந்திருக்கிறது; 2022-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. நெற்கட்டும்செவலும் தென்மலையும் வாசுதேவநல்லூரும் இன்று 2019-இல் பிறந்த தென்காசி மாவட்டத்தில் இருக்கின்றன. சீசன் நேரத்தில் ராஜபாளையம் பக்கமிருந்து குற்றாலத்துக்கு அருவிக் குளியலுக்குப் போகிறவர்களின் பேருந்து, ஒருகாலத்தில் யூசுப்கானின் பீரங்கிகள் தோற்றுத் திரும்பிய வாசுதேவநல்லூர் வழியாகத்தான் போகிறது.